பகிர்வு ஹோஸ்டிங்கில் மூடுல் 4.5: நிறுவல் பாதியில் நின்றது, இப்போது 500 பிழை

பள்ளித்தளம் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பலகம்) உள்ள பகிர்வு ஹோஸ்டிங் கணக்கு ஒன்றில் மூடுல் 4.5 (இணையவழி வகுப்பு நடத்தும் மென்பொருள்) போட வேண்டும். முதன்மை டொமைனில் வேர்ட்பிரஸ் நன்றாக ஓடுகிறது. மூடுலுக்குத் தனி சப்டொமைன். அதன் ஃபோல்டர், முதன்மைத் தளத்தின் கோப்புகள் இருக்கும் பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு உள்ளேயே இருக்கிறது. டொமைன் கிளவுட்ஃப்ளேர் (தளத்துக்கு முன்னால் நிற்கும் இடைச்சேவை) வழியாகப் போகிறது.

முதலில் சிபேனலில் உள்ள தானியங்கி நிறுவியான சாஃப்டாகுலஸ் வழியாகப் போட்டேன். முன்னேற்றக் கோடு கடைசி வரை வந்து, வெள்ளைப் பக்கமாக நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினால் அந்த ஃபோல்டரில் ஏற்கெனவே கோப்புகள் இருக்கின்றன என்கிறது. அவற்றை அழித்துவிட்டு, ஜிப்பைப் பதிவேற்றி அங்கேயே விரித்து, கையால் போட முயன்றேன். இணையத்தில் ஒரு குறிப்பைப் பார்த்து, புதிதாக ஒரு எச்டிஅக்சஸ் கோப்பு (அந்த ஃபோல்டருக்கான வெப் சர்வர் கட்டளைகள்) உருவாக்கி அதில் பிஎச்பி_வேல்யூ மேக்ஸ்_இன்புட்_வார்ஸ் 5000 (ஒரு படிவத்திலிருந்து ஏற்கும் உள்ளீடுகளின் வரம்பு) என்று எழுதினேன். எல்லா ஃபோல்டருக்கும் 777 பர்மிஷன் (யார் வேண்டுமானாலும் எழுதலாம்) கொடுத்தேன். இப்போது சப்டொமைனைத் திறந்தாலே 500 (சர்வர் உள்பிழை).

பிஎச்பி 8.2தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஹோஸ்டிங் ஆதரவுப் பிரிவைக் கேட்டால் சர்வர் சரியாக இருக்கிறது, உங்கள் செயலியைப் பாருங்கள் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

---

வேர்ப்பயனர் பதில்:

மறுபடி நிறுவுவதை முதலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு தோல்வியும் அரைகுறை டேபிள், பழைய கான்ஃபிக் கோப்பு, எச்டிஅக்சஸ் என்று எதையாவது விட்டுவிட்டுத்தான் போகும். மூன்றாவது முறை வரும் பிழை முதல் தடவையின் மிச்சத்தால் வந்ததா, புதிதா என்று பிறகு பிரிக்கவே முடியாது.

500 என்ற எண்ணை மட்டும் பார்த்து யாராலும் காரணம் சொல்ல முடியாது. காரணம் லாகில் (சர்வர் எழுதும் பிழைப்பதிவில்) இருக்கும். லாக் இரண்டு இடத்தில் இருக்கிறது, பலரும் ஒன்றைத்தான் பார்க்கிறார்கள். சிபேனலில் மெட்ரிக்ஸ் பகுதியில் எரர்ஸ் என்று ஒன்று உண்டு. அது வெப் சர்வரின் லாக். எச்டிஅக்சஸ் தவறு, பர்மிஷன் மறுப்பு, மாட்செக்யூரிட்டி (சர்வரின் பாதுகாப்பு வடிகட்டி) தடுப்பு எல்லாம் அங்கே விழும். பிஎச்பியின் சொந்தப் பிழைகள் பெரும்பாலும் அந்த ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரிலேயே எரர்_லாக் என்ற பெயரில் ஒரு கோப்பாக விழும். பக்கத்தை ஒருமுறை திறந்து, உடனே இரண்டையும் பார்த்து, அந்த நிமிடத்தில் விழுந்த வரியை எடுங்கள். நேற்றைய வரியை வைத்துக்கொண்டு இன்றைய பிழையைத் தேட வேண்டாம்.

அதோடு, எந்த அடுக்கு உடைந்திருக்கிறது என்று பிரிக்க ஒரு சோதனை. அந்த ஃபோல்டரில் வெறும் ஒரு வரி எழுதிய உரைக்கோப்பு ஒன்றை வைத்து உலாவியில் திறங்கள். அதற்கே 500 வந்தால் பிஎச்பியும் டேட்டாபேஸும் குற்றவாளிகள் இல்லை. எச்டிஅக்சஸ்தான் அநேகமாகக் காரணம், ஏனென்றால் அதில் ஒரு வரி தவறினாலும் அந்த ஃபோல்டரில் உள்ள படம் கூடத் திறக்காது. உரைக்கோப்பு திறந்தால், அடுத்து பிஎச்பிஇன்ஃபோ (பிஎச்பியின் பதிப்பையும் அமைப்புகளையும் காட்டும் கட்டளை) அழைக்கும் ஒரு வரிக் கோப்பை வையுங்கள். அது ஓடினால் மீதி மூடுல் பக்கம். பார்த்து முடித்தவுடன் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். சர்வரின் உள்விவரம் முழுவதும் அதில் தெரியும்.

நீங்கள் சொன்னதில் இரண்டு விஷயம் இப்போதே சரி செய்யலாம்.

பிஎச்பி_வேல்யூ என்ற கட்டளையைப் பழைய பாணி மாட்_பிஎச்பி (பிஎச்பி வெப் சர்வருக்குள்ளேயே ஓடும் முறை) இருந்தால்தான் அப்பாச்சி வெப் சர்வர் புரிந்துகொள்ளும். இன்று பகிர்வு ஹோஸ்டிங்கில் பிஎச்பி பெரும்பாலும் சிஜிஐ அல்லது எஃப்பிஎம் வழியாக, தனி புராசஸாக ஓடுகிறது. அங்கே அந்த வரி 'செல்லாத கட்டளை' என்று 500 தரும். லைட்ஸ்பீட் சர்வர் அதை ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் இணையத்தில் பாதிப் பேர் 'எனக்கு வேலை செய்தது' என்கிறார்கள். அந்த வரியை எடுத்துவிட்டு, சிபேனலின் மல்டிபிஎச்பி ஐஎன்ஐ எடிட்டரில் மதிப்பை மாற்றுங்கள்.

777: பகிர்வு சர்வரில் பிஎச்பி உங்கள் கணக்கின் பெயரிலேயே ஓடுகிறது. ஆகவே பிறருக்கு எழுதும் உரிமை கொடுக்கத் தேவையே இல்லை. அப்படிக் கணக்கின் பெயரில் ஓட்டும் சூஎக்செக், சூபிஎச்பி இரண்டும் பிறர் எழுதக்கூடிய ஃபோல்டரில் உள்ள ஸ்கிரிப்டை ஓட்டவே மறுக்கும், அதுவும் 500 ஆகத்தான் வெளியே தெரியும். ஃபோல்டர்கள் 755, கோப்புகள் 644 என்று திருப்பிவிடுங்கள். ஃபைல் மேனேஜரில் ஒவ்வொன்றாக மாற்றினால் ஒரு நாள் போகும். சிபேனலில் டெர்மினல் இருந்தால் ஃபைண்ட் கட்டளையை ஃபோல்டருக்கு ஒருமுறை, கோப்புக்கு ஒருமுறை ஓட்டினால் முடிந்தது. டெர்மினல் இல்லையென்றால் அழித்துவிட்டு ஜிப்பை மறுபடி விரிப்பதே வேகம். விரித்தால் சரியான பர்மிஷனோடுதான் வரும்.

---

தரவுக்கிடங்கு பதில்:

வேர்ப்பயனர் சொன்னதோடு ஒன்று. கோப்புகள் முழுதாக வந்தனவா என்று பார்த்தீர்களா? மூடுலில் பல்லாயிரம் சிறு கோப்புகள். பகிர்வு கணக்குகளில் வட்டு அளவுக்கு மட்டுமல்ல, கோப்புகளின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு உண்டு. சிபேனலின் வலப்பக்கப் பட்டியலில் ஃபைல் யூசேஜ் அல்லது ஐநோட் என்று தெரியும். அது நிரம்பினால் விரிப்பது பாதியில் நிற்கும், சில நேரம் சத்தமே இல்லாமல். ஃபைல் மேனேஜரில் அழித்தவை ட்ராஷ் ஃபோல்டரில்தான் கிடக்கும், அதுவும் கணக்கில் சேரும். நீங்கள் ஒரு முழு மூடுலை ஏற்கெனவே அழித்திருக்கிறீர்கள். ட்ராஷைக் காலி செய்துவிட்டு விரியுங்கள். எஃப்டிபியில் ஒவ்வொரு கோப்பாக அனுப்பும் வேலை வேண்டவே வேண்டாம், நடுவில் இணைப்பு அறுந்தால் பூஜ்ஜிய பைட் கோப்புகள் விழும்.

டெர்மினல் வேலைகளைத் தொடங்குமுன் சிபேனலின் ரிசோர்ஸ் யூசேஜ் பக்கத்தையும் பாருங்கள். கிளவுட்லினக்ஸ் சர்வராக இருந்தால் நினைவகம், ஒரே நேரத்தில் ஓடும் புராசஸ் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் கணக்குவாரி வரம்பு உண்டு. சாஃப்டாகுலஸ் கடைசியில் வெள்ளைப் பக்கமாக நின்றதற்கு அது காரணமாக இருக்கலாம். அந்த நேரத்தில் 'ஃபால்ட்' கோடு எழுந்திருக்கிறதா என்று வரைபடத்தில் தெரியும். உலாவியில் 508 (வரம்பு மீறல்) வந்தால் சந்தேகமே இல்லை.

---

பள்ளித்தளம்:

மிக்க நன்றி. செய்து பார்த்தேன். உரைக்கோப்புக்கே 500 வந்தது. லாகில் பிஎச்பி_வேல்யூ செல்லாத கட்டளை என்ற வரிதான். எச்டிஅக்சஸைக் காலி செய்தவுடன் உரைக்கோப்பு திறந்தது. ட்ராஷில் பழைய மூடுல் முழுவதும் இருந்தது, காலி செய்து மறுபடி விரித்துவிட்டேன். ஃபால்ட் கோடு சாஃப்டாகுலஸ் ஓடிய நேரத்தில் ஒருமுறை எழுந்திருக்கிறது.

ஆனால் பிஎச்பிஇன்ஃபோ 8.0 என்று காட்டுகிறது. சிபேனலில் சப்டொமைனுக்கு 8.2 என்றுதான் இருக்கிறது. மூடுல் பக்கமும் பிஎச்பி 8.1 ஆவது வேண்டும் என்று நின்றுவிடுகிறது.

---

வேர்ப்பயனர் பதில்:

உங்கள் சப்டொமைன் ஃபோல்டர் பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு உள்ளே இருக்கிறது என்றீர்களே, விஷயம் அங்கேதான். எஃப்பிஎம் இல்லாத இடத்தில் சிபேனல் பிஎச்பி பதிப்பை அந்தந்த ஃபோல்டரின் எச்டிஅக்சஸில் ஆட்ஹேண்ட்லர் என்ற வரியாக எழுதிவைக்கிறது. சப்டொமைனின் எச்டிஅக்சஸை நீங்கள் புதிதாக உருவாக்கியபோது அந்த வரி போய்விட்டது. அப்பாச்சி மேலே உள்ள ஃபோல்டர்களின் எச்டிஅக்சஸையும் படிக்கும். வேர்ட்பிரஸின் கோப்பில் 8.0க்கான வரி இருக்கும், அதுதான் கீழே இறங்கி வந்திருக்கிறது. மல்டிபிஎச்பி மேனேஜரில் சப்டொமைனைத் தேர்ந்து வேறு பதிப்புக்கு மாற்றி, மறுபடி 8.2க்கு மாற்றிச் சேமித்தால் வரியைத் திரும்ப எழுதிவிடும்.

இதே காரணத்தால் வேறொன்றும் நடக்கும். சப்டொமைன் ஃபோல்டரில் சொந்த ரீரைட் விதி (முகவரியைத் திருப்பும் விதி) இல்லையென்றால் வேர்ட்பிரஸின் விதி அங்கும் வேலை செய்யும்; மூடுல் முகவரிகள் தவறாகத் திருப்பப்படலாம். சப்டொமைனின் டாக்குமெண்ட் ரூட்டை (தளத்தின் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை) பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு வெளியே, கணக்கின் ஹோம் ஃபோல்டரில் வைத்துவிட்டால் இந்த இரண்டு தலைவலியும் இல்லை. நிறுவுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், டொமைன்ஸ் பக்கத்தில் ஒரு நிமிட வேலை.

கிளவுட்லினக்ஸின் 'செலக்ட் பிஎச்பி வெர்ஷன்' என்ற மெனுவும் உங்கள் சிபேனலில் இருந்தால், இரண்டிலும் வேறு வேறு எண் இருக்கக்கூடும். எது உண்மையில் ஓடுகிறது என்பதற்கு பிஎச்பிஇன்ஃபோ சொல்வதை மட்டும் நம்புங்கள், மெனுவை அல்ல.

இப்போது ஐஎன்ஐ, அதாவது பிஎச்பியின் அமைப்புகள். பிஎச்பி 8இல் மூடுல் மேக்ஸ்_இன்புட்_வார்ஸ் 5000 கட்டாயமாகக் கேட்கும். பிஎச்பியின் இயல்பு மதிப்பு 1000. இந்த அமைப்பை ஸ்கிரிப்டின் உள்ளிருந்து ஐஎன்ஐ_செட் மூலம் மாற்ற முடியாது, அதனால் மூடுலின் கான்ஃபிக் கோப்பில் எழுதிப் பயனில்லை. நினைவக வரம்பை 256எம் என்று வையுங்கள். நீட்டிப்புகளில் இன்டல், சோடியம், ஜிப், ஜிடி, கர்ல், எம்பிஸ்ட்ரிங் எல்லாம் இயங்குகின்றனவா பாருங்கள். இவற்றில் சோடியம்தான் அடிக்கடி விடுபடும். யூசர்.ஐஎன்ஐ கோப்பை பிஎச்பி 300 விநாடிக்கு ஒருமுறைதான் மறுபடி படிக்கும். சேமித்தவுடன் மாறவில்லை என்று பதறி இன்னொரு இடத்தில் எழுதாதீர்கள், ஐந்து நிமிடம் பொறுங்கள்.

---

பள்ளித்தளம்:

டாக்குமெண்ட் ரூட்டை வெளியே மாற்றிவிட்டேன். 8.2 வந்துவிட்டது, நிறுவல் பக்கமும் திறக்கிறது. டேட்டாபேஸ் விவரம் கொடுத்ததும் 1044, அணுக அனுமதி இல்லை என்கிறது. கடவுச்சொல்லைச் சரிபார்த்துவிட்டேன். மூடுல்டேட்டா ஃபோல்டரை எங்கே வைப்பது என்றும் சொல்லுங்கள்.

---

தரவுக்கிடங்கு பதில்:

இந்தப் பிழை எண்ணே பாதி விடை. கடவுச்சொல் தவறாக இருந்தால் 1045 வரும். 1049 என்றால் அந்தப் பெயரில் டேட்டாபேஸே இல்லை. 2002 என்றால் ஹோஸ்ட் பெயர் தவறு அல்லது டேட்டாபேஸ் சர்வரே எழுந்திருக்கவில்லை. உங்களுக்கு வந்த 1044, பயனர் உள்ளே நுழைந்துவிட்டார், ஆனால் அந்த டேட்டாபேஸைத் தொடும் உரிமை அவருக்கு இல்லை என்பது. சிபேனலில் டேட்டாபேஸ் உருவாக்குவது ஒரு படி, பயனரை உருவாக்குவது ஒரு படி, அவரை டேட்டாபேஸோடு சேர்ப்பது மூன்றாவது படி. அந்தப் பக்கத்தின் கீழே இருப்பதால் பலர் தவறவிடுகிறார்கள். சேர்க்கும்போது 'ஆல் பிரிவிலேஜஸ்' டிக் செய்யுங்கள்.

பெயர்களையும் கவனியுங்கள். சிபேனல் டேட்டாபேஸ் பெயருக்கும் பயனர் பெயருக்கும் முன்னால் உங்கள் கணக்குப் பெயரையும் ஒரு அடிக்கோட்டையும் சேர்க்கிறது. படிவத்தில் நீங்கள் 'மூடுல்' என்று மட்டும் தட்டியிருந்தாலும், நிறுவும் பக்கத்தில் முன்னொட்டோடு முழுப்பெயர் கொடுக்க வேண்டும். கடவுச்சொல்லில் ஒற்றை மேற்கோள் குறியும் பின்சாய்வுக் கோடும் வேண்டாம், கான்ஃபிக் கோப்பில் அவை வாக்கியத்தை உடைத்துவிடும்.

டிரைவர் தேர்வில், பிஎச்பிமைஅட்மின் முகப்பில் சர்வர் வகை என்ன என்று பார்த்துவிட்டு, மரியாடிபி என்றால் மரியாடிபியையே தேருங்கள். 4.5க்கு மரியாடிபி 10.6.7 அல்லது மைஎஸ்கியூஎல் 8.0 வேண்டும். ஹோஸ்டிங்கில் அதைவிடப் பழையதாக இருந்தால் உங்களால் எதுவும் செய்ய முடியாது. அவர்களிடம் வேறு சர்வருக்கு மாற்றச் சொல்லுங்கள், அல்லது அந்தத் திட்டத்தை விட்டுவிடுங்கள்.

டேட்டாபேஸின் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) யூடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ ஆக இருக்கட்டும். தமிழ் எழுத்துக்கு யூடிஎஃப்-8இல் ஒரு குறியீட்டுக்கு 3 பைட் போதும், பழைய யூடிஎஃப்8இலும் அது அடங்கிவிடும். ஆனால் மாணவர் ஒருவர் விவாதப் பகுதியில் ஒரு எமோஜி போட்டால் அது 4 பைட், அங்கே உடையும். தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாக வந்தால் எங்கோ லத்தீன்1 (தமிழை ஏற்காத பழைய எழுத்துக் குறியாக்கம்) இருக்கிறது என்று அர்த்தம், அப்படிச் சேமிக்கப்பட்ட எழுத்தைத் திரும்ப மீட்க வழியில்லை.

நிறுவுவதற்கு முன் சாஃப்டாகுலஸ் விட்டுப்போன டேட்டாபேஸை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்குங்கள். டேபிள்களை மட்டும் அழித்தாலும் போதும்தான், ஆனால் நூற்றுக்கணக்கில் இருக்கும், ஒன்றிரண்டு தப்பிவிட்டால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று மறுபடி நிற்கும்.

---

டெர்மினல்தம்பி பதில்:

மூடுல்டேட்டா எந்த நிலையிலும் உலாவி எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது அண்ணா. மாணவர் ஏற்றும் விடைத்தாள்கள் முதல் செஷன் வரை அதில்தான் விழும். கணக்கின் ஹோம் ஃபோல்டரின் கீழ் நேராக மூடுல்டேட்டா என்று ஒன்று உருவாக்கி 700 கொடுங்கள். பிஎச்பி உங்கள் பெயரிலேயே ஓடுவதால் அதுவே போதும். சாஃப்டாகுலஸ் ஏற்கெனவே ஒன்று உருவாக்கியிருந்தால் அதையும் காலி செய்யுங்கள். லாகில் ஓப்பன்_பேஸ்டிர் என்று வந்தால் ஹோஸ்டிங் அந்த ஃபோல்டரை பிஎச்பிக்கு மூடிவைத்திருக்கிறது. ஆதரவுப் பிரிவிடம் அந்தப் பாதையைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். மூடுல் தன் கான்ஃபிக் கோப்பில் டைரக்டரிபர்மிஷன்ஸ் என்று மிகத் தாராளமான மதிப்பு எழுதும், அதையும் பிறருக்கு எழுதும் உரிமை இல்லாதபடி 02750 என்று மாற்றிவிடுங்கள்.

உலாவி வழியாக நிறுவ வேண்டாம் என்பது என் கருத்து. டேபிள் உருவாக்கும் பக்கம் நீண்ட நேரம் ஓடும். நடுவில் பிஎச்பி நேர வரம்பு, வெப் சர்வர் நேர வரம்பு, கிளவுட்ஃப்ளேரின் நேர வரம்பு என்று மூன்று கத்தி தொங்குகிறது. எதில் வெட்டுப்பட்டாலும் பாதி டேபிளோடு நிற்பீர்கள். கிளவுட்ஃப்ளேர் வெட்டினால் 524 வரும். சப்டொமைனின் டிஎன்எஸ் பதிவில் ஆரஞ்சு மேகத்தைச் சாம்பலாக்கி (கிளவுட்ஃப்ளேர் இடையில் வராது), நிறுவி முடியும் வரை அப்படியே விடுங்கள்.

டெர்மினல் இருந்தால் இப்படி. மாதிரி கான்ஃபிக் கோப்பை நகலெடுத்து கான்ஃபிக்.பிஎச்பி என்று பெயரிட்டு, டேட்டாபேஸ் விவரம், மூடுல்டேட்டா பாதை, தள முகவரி மூன்றையும் நிரப்புங்கள். முகவரியை எச்டிடிபிஎஸ்ஸோடுதான் எழுத வேண்டும்; அதற்கு முன் ஆட்டோஎஸ்எஸ்எல் சான்றிதழ் வந்துவிட்டதா பாருங்கள். பிறகு அட்மின் ஃபோல்டரின் சிஎல்ஐ உள்ளே இருக்கும் இன்ஸ்டால்_டேட்டாபேஸ்.பிஎச்பி ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். உரிம ஒப்புதலும் அட்மின் கடவுச்சொல்லும் கட்டாய அளவுருக்கள், கொடுக்காவிட்டால் நகராது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டெர்மினலில் வெறுமனே பிஎச்பி என்று தட்டினால் வருவது சர்வரின் இயல்புப் பதிப்பு, நீங்கள் சப்டொமைனுக்குத் தேர்ந்த 8.2 அல்ல. பதிப்பு காட்டும் 'வி' தேர்வோடு முதலில் பாருங்கள். வேறாக இருந்தால் ஆப்ட் ஃபோல்டரின் கீழ் சிபேனல், அதன் கீழ் ஈஏ-பிஎச்பி82, ரூட், யூஎஸ்ஆர், பின் என்று போகும் முழுப்பாதையைக் கொடுங்கள். அங்கேயும் மேக்ஸ்_இன்புட்_வார்ஸ் 5000க்குக் குறைவாக இருந்தாலோ, சோடியம் மாதிரி நீட்டிப்பு விடுபட்டிருந்தாலோ நின்றுவிடும்.

நிறுவும் மொழியாக ஆங்கிலத்தையே விடுங்கள். தமிழ் மொழிப்பொதியைத் தள நிர்வாகம் பகுதியில் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். நிறுவும்போதே பதிவிறக்கச் சொன்னால் இன்னொரு இடத்தில் சிக்கிக்கொள்ள வாய்ப்பு.

---

வேர்ப்பயனர் பதில்:

தம்பி சொன்னபடி போங்கள். முடிந்தபின் மேகத்தை ஆரஞ்சுக்குத் திருப்பும்போது கிளவுட்ஃப்ளேரில் எஸ்எஸ்எல் முறை 'ஃப்ளெக்ஸிபிள்' ஆக இருந்தால் தளம் தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கும். 'ஃபுல் ஸ்ட்ரிக்ட்' என்று வையுங்கள்.

பிறகு ஏதாவது படிவத்தைச் சேமிக்கும்போது மட்டும் 403 அல்லது 406 வந்தால், அது பெரும்பாலும் மாட்செக்யூரிட்டி. பாடத்தில் எச்டிஎம்எல் ஒட்டும்போது இப்படி நடக்கும். சிபேனலில் டொமைனுக்கு மட்டும் அதை அணைக்கும் பொத்தான் இருக்கிறது, சோதிக்க ஒரு நிமிடம் அணைத்துப் பார்க்கலாம், அப்படியே விடக் கூடாது. லாகில் விதி எண் இருக்கும். அந்த எண், சப்டொமைன், நடந்த நேரம் நேர மண்டலத்தோடு, உங்கள் ஐபி முகவரி ஆகியவற்றை ஆதரவுப் பிரிவுக்கு எழுதி, அந்த ஒரு விதியை மட்டும் விலக்கச் சொல்லுங்கள். 'தளம் வேலை செய்யவில்லை' என்று எழுதினால் 'சர்வர் சரியாக இருக்கிறது' என்றுதான் பதில் வரும். எண்ணோடு எழுதினால் அவர்கள் தேட வேண்டிய இடம் தெரியும்.

பதிப்பு பற்றி: 4.5 நீண்டகால ஆதரவுப் பதிப்பு, இப்போதைக்கு அதில் இருங்கள். 5.1க்கு ஏறும்போது மூடுலின் கோப்பு அமைப்பே மாறுகிறது. உலாவிக்குக் காட்ட வேண்டியவை 'பப்ளிக்' என்ற உள்ஃபோல்டருக்குப் போய்விட்டன, டாக்குமெண்ட் ரூட்டை அங்கே திருப்பாவிட்டால் தளம் திறக்காது. தனி சப்டொமைனாக வைத்திருப்பதால் உங்களுக்கு அது எளிது.

---

பள்ளித்தளம்:

டெர்மினல் வழியாகவே முடிந்துவிட்டது. வெறும் பிஎச்பி என்று தட்டினால் 8.1 காட்டியது, முழுப்பாதை கொடுத்து ஓட்டினேன். தளம் திறக்கிறது. நிர்வாகப் பக்கத்தில் கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) ஓடவில்லை என்று மட்டும் சிவப்பில் எச்சரிக்கை இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

---

டெர்மினல்தம்பி பதில்:

அதே முழுப்பாதை பிஎச்பியோடு, அட்மின் ஃபோல்டரின் சிஎல்ஐ உள்ளே உள்ள கிரான்.பிஎச்பியை சிபேனலின் கிரான் ஜாப்ஸில் சேருங்கள். மூடுல் நிமிடத்துக்கு ஒருமுறை பரிந்துரைக்கிறது. ஹோஸ்டிங் அவ்வளவு அடிக்கடி விடாவிட்டால் 5 நிமிடம் வையுங்கள், மின்னஞ்சல் அறிவிப்புகள் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். கட்டளையின் கடைசியில் வெளியீட்டை டெவ்நல்லுக்கு (எதையும் சேமிக்காமல் விழுங்கிவிடும் இடம்) திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு மின்னஞ்சல் வந்து கணக்கின் அஞ்சல்பெட்டி நிரம்பும். முதல் நாள் மட்டும் திருப்பாமல் ஒரு கோப்பில் எழுதவிட்டு, பிழை ஏதும் விழுகிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். பிஎச்பிஇன்ஃபோ கோப்பை அழித்துவிட்டீர்களா?

---

பள்ளித்தளம்:

அழித்துவிட்டேன். கிரானும் சேர்த்தாயிற்று, எச்சரிக்கை போய்விட்டது.